ஸ்பேர் டிஸ்க் எழுந்து நிற்காது

கோலார் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும். அந்த ஒரு நிமிடத்துக்குள் இடித்துப் பிடித்து ஏறிவிட்டால் ஷோபாவுக்கு ஜன்னலோரம் ஒரு சீட் காத்திருக்கும். சீட்டின் மேல் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று கிடக்கும். அது கொர்னேலியஸுடையது. வண்டி புறப்படுகிற மாரிகுப்பத்திலேயே ஏறிவிடுகிற மனிதர் அவர். ஏழு கைக்குட்டை வைத்திருக்கிறார், ஏழு பேருக்கு இடம் பிடிக்கிறார், தான் மட்டும் கதவோரம் நின்றுகொண்டே பெங்களூர் வருகிறார். ஏன் என்று கேட்டால், "ஒக்காந்தா தூங்கிடுவேன் பா. அப்பறம் யார்டுல போய்த்தான் முழிக்கணும்" என்பார்.

அந்தப் பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. ரயில்வேக்காரர்கள் போட்ட சட்டம் இல்லை, தங்கவயல்காரர்கள் போட்டது. ஒரு சீட்டுக்காரர் வராவிட்டால் நிற்கிறவர் அதில் உட்காரலாம். சீட்டுக்காரர் திரும்பி வந்தால், அது மறுநாளானாலும் மறு வருஷமானாலும், உட்கார்ந்தவர் வாயைத் திறக்காமல் எழுந்துவிட வேண்டும். அந்த ஏழு பேரில் ஒருவரான துரை பைக்கிலிருந்து விழுந்து மூன்று மாதம் வராமல் இருந்தார். அவர் ஊன்றுகோலோடு பெட்டிக்குள் தலையை நீட்டிய காலையில், மற்றவர்கள் வற்புறுத்தி அவர் இடத்தில் உட்காரவைத்திருந்த கொர்னேலியஸ் ஏற்கெனவே எழுந்து கதவோரம் போயிருந்தார். துரை நன்றிகூடச் சொல்லவில்லை. தன் இடத்தில் உட்கார எவனாவது நன்றி சொல்வானா?

இந்தச் சட்டத்தின் நிழலில்தான் ஷோபா ஒன்பது வருஷமாகப் பெங்களூர் போய்வருகிறாள்.

அவளுடைய வேலை என்னவென்று உறவுக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அவளுக்கே அலுத்துப் போயிருந்தது. "கம்ப்யூட்டருக்கு நோட்ஸ் எழுதறேன்" என்று சுருக்கிவிடுவாள். கம்பெனி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் செய்து விற்கிறது. நாலைந்து டிஸ்க்குகளைக் கூட்டுக் குடும்பம்போலச் சேர்த்துவைத்து ஒரே டிஸ்க்காகக் காட்டுவது அதன் கெட்டிக்காரத்தனம். ஒரு டிஸ்க் மண்டையைப் போட்டாலும் மற்றவற்றில் இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டு, போனதை அப்படியே மீட்டுவிடும். காலியாக நிற்கிற ஸ்பேர் டிஸ்க் ஒன்று இருந்தால், போனதன் இடத்தில் தானாகவே அதை உட்காரவைத்துவிடும்.

இந்தக் குடும்பத்தை ஆட்டிவைக்க முப்பத்தேழு அமைப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கோப்பு. திறந்து பார்த்தால் ஒரு எண்ணோ ஒரு சொல்லோ இருக்கும். அதை மாற்றி எழுதினால் டிஸ்க்குகள் சொன்னபடி கேட்கும். எதை எழுதினால் என்ன ஆகும்? அதைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. நிரலை எழுதிய பரணியிடம் போய்க் கேட்டால், "பேரப் பாத்தாலே தெரியுதே மேடம்" என்பான். பேரைப் பார்த்தால் தெரியுமாம்! பேரைப் பார்த்துத் தெரிகிற உலகமாக இருந்தால் ஷோபாவுக்கு எதற்குச் சம்பளம்?

விடாக்கண்டியாக அவன் பின்னால் அலைந்தாள். 'சிங்க் ஆக்‌ஷன்' என்கிற கோப்பில் 'ஐடில்' என்று எழுதினால் ஓடுகிற வேலை நிற்கும், ஆனால் சற்று நேரத்தில் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கலாம், தொடங்கவே கூடாதென்றால் 'ஃப்ரோசன்' என்று எழுத வேண்டும். இந்த ஒரு விஷயத்தைக் கறக்க மூன்று நாளும் ஆறு டீயும் ஆயிற்று. 'டிகிரேடட்' என்பது எத்தனை டிஸ்க் குறைகிறது என்று காட்டும் எண். சைபர் என்றால் நிம்மதி, ஒன்று என்றால் உஷார். இரண்டுக்குப் பரணி "கடவுளக் கூப்டுங்க" என்று எழுதச் சொன்னான். அதை அவள் எழுதவில்லை.

இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. மேனேஜர் சீனிவாசன் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். இந்த ஆவணம் வெளியாகி முப்பது நாளில் வாடிக்கையாளர் புகார் ஒன்றுகூட வராவிட்டால், ஷோபா இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், நிரந்தரமாக. அந்தக் கடிதத்தை அவள் பீரோவில் பட்டுப்புடவை மடிப்பில் வைத்திருந்தாள். அவளுக்கு நாலு வயசில் ஒரு பெண் இருக்கிறாள், வர்ஷா. ஷோபா கிளம்பும்போது குழந்தை தூங்கும், திரும்பும்போதும் தூங்கும். கணவன் விநாயக் ராபர்ட்சன்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். அவன்தான் குழந்தைக்குத் தலைவாரி, கோணல் வகிடு எடுத்துப் பள்ளியில் விடுகிறான். மத்தியானத்துக்கு மேல் வர்ஷா கடையில் பைப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து வளர்ந்துகொண்டிருந்தாள். வாரத்தில் ஐந்து நாள் தன் பெண்ணைத் தூங்குகிற முகமாக மட்டும் பார்ப்பது ஷோபாவுக்குத் தாங்கவில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கடைசி அமைப்பு 'ஸ்லாட்'. ஒரு டிஸ்க் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும் எண். இடம் இல்லாமல் நிற்கிற ஸ்பேருக்கு எண் இருக்காது, 'நன்', அதாவது எதுவுமில்லை, என்று காட்டும். அன்றைக்குப் பரணி லீவு. சோதனை மெஷினை வேறு குழு பிடித்துவைத்திருந்தது. பழுதான டிஸ்க் சரியாகித் திரும்பி வந்தால் ஸ்பேர் என்ன செய்யும்? ரயிலில் மடிமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு யோசித்தாள். யோசிக்க அதில் என்ன இருக்கிறது? எதிரே துரை ஊன்றுகோலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கதவோரம் கொர்னேலியஸ் நின்றிருந்தார். ஷோபா எழுதினாள்: "பழைய டிஸ்க் திரும்பியதும் ஸ்பேர் டிஸ்க் அதன் இடத்தை விட்டுக்கொடுத்து மீண்டும் ஸ்பேர் ஆகிவிடும். பிறகு அதைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்."

பரணி முப்பத்தேழு பக்கத்தையும் பத்து நிமிஷத்தில் பார்த்து, "சூப்பர் மேடம்" என்று ஒப்புதல் கொடுத்தான். வியாழக்கிழமை ஆவணம் வெளியானது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு போன் அடித்தது. ஆண்டர்சன்பேட்டை ஸ்டுடியோ லாய்ட். தங்கவயலில் பாதிக் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்தவர் அவர்.

"ஷோபா, பொட்டி கத்துதும்மா."

"எந்தப் பொட்டிண்ணா?"

"நீ வாங்கச் சொன்ன, ஒங்க கம்பெனி சிஸ்டம் போட்ட பொட்டிதான். அன்னிக்கு ஒரு டிஸ்க் பூட்டுச்சில்ல, அது ஒயர் லூசு. இன்னிக்கு சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து மறுபடி சொருவினேன். நீ எழுதின நோட்ஸ பிரின்ட் எடுத்து வெச்சிகினு, அதுல போட்டிருக்கிற மாதிரியே ஸ்பேர கழட்டினேன். கத்த ஆரம்பிச்சிச்சு பாரு, நிக்கவே மாட்டன்னுது."

ஷோபா போனை வைத்தாள். தோசைக்கல்லை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள். விநாயக் அடுப்பை அணைத்து, வர்ஷாவைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து, வண்டியை விரட்டினான்.

ஸ்டுடியோ வாசலில் சர்ச்சிலிருந்து திரும்பிய கூட்டம் பாதி நின்றிருந்தது. உள்ளே பெட்டி 'கீங் கீங்' என்று அலறிக்கொண்டிருந்தது. லாய்டின் மனைவி வினோலியா காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இதுல இன்னா இன்னா இருக்குதுண்ணா?" என்று கேட்டாள் ஷோபா.

"பதினோரு வருசத்துக் கல்யாணம், புதுநன்மை, காதுகுத்து, எல்லாம்."

"பேக்கப்?"

"இதாம்மா பேக்கப்."

அட ஆண்டவனே! ஷோபா லேப்டாப்பை மாட்டி முதலில் 'டிகிரேடட்' கோப்பைத் திறந்தாள். ஒன்று. உஷார். பிறகு அந்தப் பெட்டி எழுதிவைத்திருந்த பதிவுகளை வரிசையாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் காது சூடேறியது. திரும்பி வந்த டிஸ்க்குக்கு யாரும் இடம் கொடுக்கவே இல்லை. அதன் ஸ்லாட்டில் 'நன்' என்று காட்டியிருந்தது. இடத்தில் உட்கார்ந்திருந்த ஸ்பேர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், வந்தவன் புது ஸ்பேராக நிற்க வேண்டியதுதான். லாய்ட் கழற்றியது சும்மா நின்ற டிஸ்க் இல்லை, வேலையில் இருந்த டிஸ்க்.

நல்லவேளை, நின்றுகொண்டிருந்த பழைய டிஸ்க்கைப் பெட்டி தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு, இழந்ததை அதில் நிரப்பத் தொடங்கியிருந்தது. மூன்று சதவீதம் முடிந்திருந்தது. நூறு ஆகும்வரை மிச்சமிருக்கிற மூன்று டிஸ்க்கில் எதற்கும் ஒரு தும்மல்கூட வரக் கூடாது. வந்தால் பதினோரு வருஷத்துக் கல்யாணங்களும் போச்சு.

"தப்பு என்னுதுண்ணா. நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

"அத அப்பறம் பாக்கலாம். இப்ப இன்னா செய்யணும், சொல்லு" என்றார் லாய்ட்.

"யாரும் எதயும் தொடக் கூடாது. கரென்ட் போவக் கூடாது."

கரென்ட் போகக் கூடாதென்று ஆண்டர்சன்பேட்டையில் யாரால் உத்தரவு போட முடியும்? விநாயக் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், கடையிலிருந்த பெரிய யூபிஎஸ்ஸைக் காலடியில் வைத்துக் கொண்டுவந்து, பெட்டியில் சும்மா இருந்த இரண்டாவது பவர் ஒயரை அதில் மாட்டினான். அந்த ஒரு காரியத்துக்காக அவனுடைய கோணல் வகிடுகளையெல்லாம் ஷோபா மன்னித்தாள்.

ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்பது சதவீதம்தான். ஏன் இப்படி ஆமையாக நகர்கிறது? வெளியே எட்டிப் பார்த்தாள். கடை முகப்பு டிவியில் யாருடைய கல்யாணமோ ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த வீடியோ எங்கேருந்து வருது?"

"இந்தப் பொட்டிலேர்ந்துதான். ஞாயித்துக்கெழம எப்பவும் போட்டு வெப்போம்" என்றாள் வினோலியா.

"அய்யோ அக்கா, நிறுத்துங்க!"

டிவி நின்றதும் வெளியே முணுமுணுப்பு எழுந்தது. சோற்றுப் பந்தியில் பாதியில் எழுப்பியதுபோல ஒருவர் கோபித்துக்கொண்டார். ஷோபா தன் ஆவணத்தில் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்தாள். நிரப்புகிற வேகம் எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லும் கோப்பு அது. அந்தப் பக்கத்தை அவளே மெஷினில் சோதித்துப் பார்த்து எழுதியிருந்தாள். எண்ணைப் பத்து மடங்காக ஏற்றினாள். பெட்டியின் விளக்குகள் படபடவென்று துடித்தன. பன்னிரண்டு. பதினாறு. இருபத்தொன்று.

அப்புறம் கேட்க வேண்டுமா! சதவீதத்தைக் கிரிக்கெட் ஸ்கோர்போல வாசலுக்கு ஒருவன் கத்திச் சொல்ல, வாசலிலிருந்து தெருவுக்குப் போயிற்று. ஐம்பது வந்ததும் விசில் பறந்தது. "என் தங்கச்சி கல்யாணமும் அதுலதான்பா கீது, பாத்து" என்று ஒருவர் உள்ளே வந்து பெட்டியைக் கும்பிட்டுப் போனார். "பேடப்பா பேடா, தொடாதீங்க!" என்று லாய்ட் கன்னடமும் தமிழுமாக ஆள் விரட்டினார். வினோலியா எல்லோருக்கும் டீ போட்டாள். எழுபதுக்கு மேல் ஜெபமும் நடந்தது. வர்ஷா பிரின்டரின் மேல் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த எண்களையெல்லாம் சொல்லி உற்சாகப்படுத்தினாள்.

இரண்டரை மணிக்கு நூறு. டிகிரேடட் சைபர். அலறல் நின்றது. அந்தத் திடீர் அமைதியில் லாய்ட் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பொட்டி பொழச்சிகிச்சி. அப்பறம் இன்னாத்துக்கு அழுவற?" என்றார்.

"புகார் குடுங்கண்ணா, கம்பெனிக்கு."

"நானா? ஒம்மேலயா? போம்மா வேலயப் பாத்துகினு. இன்னிக்கு மட்டும் ஆறு ஆல்பம் ஆர்டர் வந்துகீது."

வீட்டுக்கு வந்ததும் விநாயக்கும் அதையே சொன்னான். "லாய்ட் அண்ணன் சொல்லப்போறதில்ல. அந்த ஒரு பாராவ மாத்திடு. யாருக்குத் தெரியப்போவுது? இருவத்தேழு நாளு ஓட்டினா முடிஞ்சிச்சு." அவனும் பாவம், எத்தனை நாள்தான் ஒற்றை ஆளாகப் பின்னல் போட்டுக்கொண்டிருப்பான்?

ஷோபா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். மூன்று நாளில் அந்தப் பக்கத்தை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கி வைத்திருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் லாய்டைப்போலப் பிரின்ட் எடுத்து வைத்திருப்பார்கள்? எத்தனை பேரிடம் 'இதாம்மா பேக்கப்'? அத்தனை பேருக்கும் எச்சரிக்கை போக வேண்டுமானால் கம்பெனி விதிப்படி புகார் பதிவாக வேண்டும். வேறு வழி கிடையாது.

விநாயக் எண்ணைப் பார்த்தான், தூங்குகிற குழந்தையைப் பார்த்தான். "எழுதிடு" என்றான்.

எழுதினாள். பாராவைத் திருத்தினாள்: "திரும்பி வந்த டிஸ்க் புதிய ஸ்பேராக நிற்கும். ஸ்பேராக இருந்தது இடத்தை விட்டுத் தராது. எதைக் கழற்றும் முன்னும் ஸ்லாட்டைப் பாருங்கள்." புகார்ப் படிவத்தில், பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் லாய்டின் பெயர், தவறு செய்தவர் என்ற இடத்தில் தன் பெயர். பீரோவிலிருந்த கடிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சீனிவாசன் படிவத்தை இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் விதி என்று வந்தால் இரும்பு.

"நீங்களே உங்க மேல புகார் குடுத்திருக்கீங்களே, ஷோபா."

"ஆமா சார். இருநூத்திப் பன்னண்டு பேருக்கும் இன்னிக்கே மெயில் போவணும்."

"போகும். ஆனா இந்தக் கடிதம் செல்லாது. புகார் வந்தா வந்ததுதான்."

"தெரியும் சார்" என்று கடிதத்தை மேசையில் வைத்தாள். பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழிட்டு ஐந்து நிமிஷம் அழுதாள். ஊரே பார்க்க ஒரு தப்பைச் சரிசெய்துவிட்டோம் என்ற பெருமை ஒரு பக்கம் இருந்தது. அது அழுகையை நிறுத்தவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது சீனிவாசன் மறுபடி கூப்பிட்டனுப்பியிருந்தார். அவர் எதிரில் பரணி திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"ஷோபா, மீதி முப்பத்தாறு இருக்கே. அதையெல்லாம் மெஷின்ல சோதிச்சீங்களா?"

"மெஷின் கெடச்ச வரைக்கும் சார். பதினொண்ணு பாத்தேன். மீதி பரணி சொன்னத வெச்சி எழுதினேன்."

சீனிவாசன் பரணி பக்கம் திரும்பினார். பரணி எச்சிலை விழுங்கினான்.

"நான் பேரப் பாத்துச் சொன்னேன் சார்."

சீனிவாசன் தலையில் கைவைத்துக்கொண்டார். சோதனை மெஷினுக்கு எப்போது வரிசை என்று விசாரித்தார். அடுத்த வருஷம் மார்ச்சில் என்றார்கள்.

"லாய்ட் அண்ணன்கிட்ட பழைய பொட்டி ஒண்ணு பரண்ல கீது சார். நாலு டிஸ்க். கேட்டா குடுப்பார்" என்றாள் ஷோபா.

"இங்க கொண்டு வாங்க."

"வெளி மெஷின ஆபீஸ் நெட்வொர்க்ல சேக்க விடமாட்டாங்க சார்" என்றான் பரணி. அவனும் உருப்படியாக ஒன்று சொன்னான்.

சீனிவாசன் விட்டத்தைப் பார்த்தார். "அப்போ மெஷின் இருக்கிற எடத்துலதான் சோதிக்கணும். சரி, அது முடியற வரைக்கும் நீங்க ஊர்லயே இருங்க. இது அனுமதி இல்ல, புரியுதா? வேலை. எத்தன நாள் ஆகும்?"

ஷோபா பரணியைப் பார்த்தாள். பரணி விரல் விட்டு எண்ணினான். "முப்பத்தேழு அமைப்பு. ஒவ்வொண்ணையும் ஆறு வித அடுக்குல பாக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரு டிஸ்க்க சாகடிச்சு நெரப்பணும், அதுக்கே அரை நாள். எட்டு மாசம் சார்." வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பரணி ஒரு கேள்விக்கு முழுசாகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது ஷோபாவுக்கு.

"எட்டு மாசமா!" என்றார் சீனிவாசன். அப்புறம் பெருமூச்சு விட்டு, "செய்யுங்க. எல்லாம் சரியா வந்தா இந்தக் கடிதத்த அப்ப மறுபடி பாக்கலாம்" என்று அதைத் தன் டிராயரில் போட்டு மூடினார்.

செவ்வாய்க்கிழமை காலை வெயில் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்திருந்தது. கூடத்து மூலையில் லாய்டின் பழைய பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஷோபா பாயில் உட்கார்ந்து முதல் அமைப்பைத் திறந்து வைத்திருந்தாள். ஏழே முக்காலுக்கு வர்ஷா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, ஒனக்கு ஜொரமா?"

"இல்லியே கண்ணு."

குழந்தை நம்பவில்லை. கிட்டே வந்து, அப்பா தனக்குச் செய்வதுபோலவே புறங்கையை அம்மாவின் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

"அப்பறம் ஏன் வீட்ல கீற?"

 ஷோபா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, சீப்பை எடுத்தாள். வர்ஷா அசையாமல் தலையைக் கொடுத்தாள். பின்னல் முடிந்தும் மடியை விட்டு இறங்கவில்லை, பள்ளிக்கும் போகவில்லை. முதல் அமைப்பின் சோதனை அன்றைக்குப் பத்தரை மணிக்குத்தான் ஆரம்பித்தது.